பாடிக்குப் போன கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதம் என்றதும் எல்லோருக்கும் கேக் மணமோ மல்லிகை மணமோ நினைவுக்கு வரலாம். எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது பிளீச்சிங் பவுடரின் நெடிதான். சிமெண்டுத் தரையில் வாளி வாளியாக ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, கண் எரிய எரிய மறுபடியும் ஊற்றிய அந்த வெள்ளைத் தண்ணீரின் நெடி என் எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையை முழுக்க நிறைத்திருந்தது.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, அம்மா, நான், என்னைவிட நான்கு வயது இளைய தம்பி சாம் ஆகிய நால்வரும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தரைத்தள வீடொன்றில் இருந்தோம். எங்கள் வரிசைக்குப் பால் கொண்டுவந்தவர் வெள்ளானூர் தனம் அக்கா. அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு நாய் குட்டிகள் போட்டது. அவற்றில் செம்மண் நிறத்தில், நெற்றியில் மட்டும் சுண்டைக்காய் அளவு வெள்ளையோடு இருந்த ஒன்றை, ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாளில் அக்கா சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். சாம் அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்தான். அம்மாவுக்கு அதைப் பிடிக்கவில்லை. "நாய் நடைப்படியைத் தாண்டி உள்ள வரக் கூடாது" என்பதுதான் அவள் போட்ட ஒரே சட்டம். பட்டாணி முதல் நாளே அதை மீறி அடுப்படி வரைக்கும் போய்வந்தது.

குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். டிசம்பர் முதல் வாரச் சனிக்கிழமை அவருக்கு ஓவர்டைம் இருந்ததால், தனம் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே தூக்கிப் போய்ப் போட்டுவரும்படி என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். அன்று எங்கள் வரிசைப் பெண்கள் மூங்கில் குச்சியும் கலர்த்தாளும் வைத்து ஆளுயரத்துக்கு ஒரு "ஸ்டார்" செய்துகொண்டிருந்தார்கள். பசைக் கிண்ணத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அப்பா வந்து, "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டபோது, தலையை நிமிர்த்தாமலே "போட்டாச்சு" என்றேன். பரீட்சை முடிந்ததும் போட்டுவிட்டால் இந்தப் பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று அப்போது நினைத்தேன்.

பரீட்சை முடிந்த அன்று நான் செய்த காரியம் வேறு. பட்டாணியை வெள்ளானூருக்குத் தூக்கிக்கொண்டு போய், அதன் கூடப்பிறந்த குட்டிகளோடு கொட்டகையில் புரண்டு விளையாட விட்டு, சாயங்காலம் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதற்காக நெல்லை ரயிலில் நான்கு பேருக்கும் இடம் பதிவு செய்திருந்தோம். அம்மா முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்து டின்னில் அடுக்கிவிட்டாள். நாங்கள் இல்லாத நாட்களில் பட்டாணியைத் தனம் அக்கா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் அது பாலைத் தொடவில்லை. சாக்கின்மேல் சுருண்டு படுத்து, மஞ்சளாக நுரைநுரையாக வாந்தி எடுத்தது. பால் கேனோடு வந்த தனம் அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"இன்னாக்கா, குட்டி இப்டி சோந்து கீது? எங்கூட்லயும் ரெண்டு குட்டி இப்டித்தான் வாந்தி எடுத்துகினே பூட்ச்சி. நேத்துதான் பொதச்சோம். ரத்தமா போச்சின்னா அப்பால நிக்காதுக்கா. இப்பவே டாக்டராண்ட தூக்கிகினு போ."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பட்டாணி எழுந்து, இரண்டடி நடந்து, ரத்தமாகக் கழிந்தது. அப்படியொரு நாற்றத்தை நான் அதற்குப் பிறகு முகர்ந்ததில்லை.

அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் பிராணிகளுக்குச் சின்னதாக மருத்துவமனை நடத்துவதாகத் தனம் அக்கா சொன்னார். அம்மா பழைய துண்டில் குட்டியைச் சுற்றிக் கட்டைப்பைக்குள் வைத்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுவரை அவள் அதைக் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் நிறுத்தினார். "இன்னாம்மா பையில? கோயியா?"

"நாய்க்குட்டி. ஒடம்பு சரியில்ல."

"நாயெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. எறங்கி ஓடிச்சுன்னா யாரு புடிக்கிறது?"

"எறங்கி ஓடுத தெம்பு இருந்தா நான் எதுக்குங்க பாடிக்குப் போறேன்?" என்றாள் அம்மா.

கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கடைசி சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். குட்டியின் ஈறை அழுத்திப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "பார்வோ. குட்டிங்களுக்கு வர்ற வைரஸ் நோய். ஊசி போட்டிருக்கீங்களா?"

"போட்டாச்சு டாக்டர். இவதான் தூக்கிட்டுப் போனா" என்றாள் அம்மா.

"கார்டு இருக்கா?"

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். டாக்டர் முன்னங்காலில் ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்.

"அஞ்சு நாள் தாண்டினா பிழைக்க வழி இருக்கு. தினமும் காலைல டிரிப்ஸ் ஏத்தணும். வீட்டுல குளிர்ல விடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் சோறு, பால் ஒண்ணும் கூடாது. அது போற இடத்தையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவணும். இந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல இருக்கும். வேற குட்டி எதுவும் கிட்ட வரக் கூடாது. ஆனா யாராவது கூடவே இருந்து பார்த்தாத்தான் முடியும். நீங்க வெளியூர் எங்கயாவது போறீங்களா?"

அம்மா குட்டியின் காலை நகராமல் பிடித்துக்கொண்டு, "இல்ல டாக்டர்" என்றாள்.

அன்று மாலை வீட்டில் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணமானதிலிருந்து அம்மா ஒரு கிறிஸ்துமஸுக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. "நீ இல்லாம நான் உங்க வீட்டுல போயி என்னத்தச் சொல்ல?"

"நாய்க்கு ஒடம்பு சரியில்ல, அதான் வரலன்னு சொல்லுங்க. உள்ளதைத்தானே சொல்லச் சொல்லுதேன்."

மறுநாள் அப்பாவும் சாமும் முறுக்கு டின்களோடு கிளம்பினார்கள். நானும் அம்மாவும் தங்கினோம்.

எங்கள் நாட்கள் ஒரே ஒழுங்கில் ஓடின. விடிந்ததும் பனி விலகுவதற்குள் தரையைக் கழுவுவேன். அம்மா பழைய மருந்து பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, குட்டியின் இரு பக்கமும் அணைவாக வைப்பாள். பிறகு பாடி பஸ். இரண்டு மணி நேரம் நான் பாட்டிலைப் பிடிப்பேன், அம்மா குட்டியின் காலைப் பிடிப்பாள். திரும்பி வந்து மறுபடியும் கழுவுவேன். வாசலில் சாக்கட்டியால் கோடு கிழித்து, "குட்டி நாய்களைக் கொண்டுவராதீர்கள்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். சர்ச்சிலிருந்து பாட்டுக்குழு கிட்டாரும் டிரம்மும் பெட்ரோமாக்ஸுமாக வந்தபோது, அம்மா தெருமுனைக்கே போய் நிறுத்தினாள். "வீட்டுல நோயாளி இருக்கு. டிரம்மு வேண்டாம். மெதுவாப் பாடுதீங்கன்னா வாங்க." அவர்கள் நோயாளி யாரென்று கேட்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தாலாட்டைப் போல மெல்லிய குரலில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். அதுவரை கண்ணை மூடிக் கிடந்த பட்டாணி ஒரு காதை மட்டும் தூக்கியது.

மூன்றாம் நாள் மிக மோசமாக இருந்தது. உடம்பு சில்லிட்டுவிட்டது. கழுத்து நிற்கவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, "நம்பிக்கை கொடுக்க முடியலம்மா" என்றார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா டிரிப்ஸை எடுத்துடறேன். வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க."

"எடுக்காதீங்க. அதுவா விட்டாத்தான் நாம விடணும்" என்றாள் அம்மா.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் நான் உடைந்துவிட்டேன். ஊசி போடாததையும், ஸ்டார் செய்ததையும், வெள்ளானூருக்குத் தூக்கிப் போனதையும் மூச்சு விடாமல் சொன்னேன். கை மட்டும் பாட்டிலை இறக்கவில்லை.

"அழுது பாட்டிலை ஆட்டாதட்டி. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா திட்டல?"

அம்மா குட்டியின் காலை விடாமலே என்னைப் பார்த்தாள். "திட்டுனா ஒரு நாள் அழுதுட்டு மறந்திருவ. இது செத்துச்சுன்னா ஆயுசுக்கும் சுமப்ப. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அதுக்குத்தான் ஊருக்குப் போகல. நாய்க்காக இல்ல." துண்டை இழுத்து அதன் முதுகை மூடியபடி, "நாய்க்காகவுந்தான், வச்சுக்கோயேன்" என்றாள்.

மறுநாள்தான் கிறிஸ்துமஸ். மருத்துவமனைக்கு விடுமுறை. ஆனால் டாக்டர் ஒன்பது மணிக்கு வந்து திறப்பதாகச் சொல்லியிருந்தார். அதிகாலை ஆராதனைக்குப் போகும் பக்கத்து வீடுகளின் பட்டுச்சேலைச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே தரையைக் கழுவினேன். குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மா எனக்குப் புதுப்பாவாடையை எடுத்துக் கொடுத்து, "பண்டிகை நாள்ல பழசு எதுக்கு, இதை உடுத்திக்கோ" என்றாள். புதுத்துணி உடுத்திய இரண்டு பேர் கட்டைப்பையில் நாயோடு ஏறியதைப் பார்த்து, பழகிப்போயிருந்த அதே கண்டக்டர், "இன்னும் கீதாம்மா?" என்று கேட்டார். "இருக்கு" என்றாள் அம்மா. "அப்போ பொயச்சிக்கும். கடைசி சீட்டு காலியாத்தான் கீது, போ."

பாதி பாட்டில் ஏறியிருக்கும். அம்மாவின் சேலை முந்தானை மேசைமேல் கிடந்தது. அதன் நுனியில் ஏதோ இழுபட்டது. குனிந்து பார்த்தால், பட்டாணி தலையைத் தூக்க முடியாமலே முந்தானையைக் கவ்வி மென்றுகொண்டிருந்தது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "பசிக்குது அதுக்கு. சாயங்காலம் ஒரு ஸ்பூன் கஞ்சித்தண்ணி. ஒரு ஸ்பூன்தான்." அம்மா முந்தானையை விடுவிக்கவில்லை. அந்தச் சேலையில் அன்று விழுந்த ஓட்டை கடைசிவரை தைக்கப்படாமலே இருந்தது.

புத்தாண்டுக்குள் அது நடக்கத் தொடங்கியது. எதிர்வீட்டு ஆன்ட்டி ஆசையாக ஒரு துண்டு பிளம் கேக்கை நீட்டியபோது, நான் பாய்ந்து அவர் கையிலிருந்தே பிடுங்கிவிட்டேன். உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆன்ட்டி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மத்த குட்டிங்களுக்கு?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை எழுப்பியது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸின் ஒவ்வொரு வரிசையாகப் போய், எந்த வீட்டில், எந்தப் படிக்கட்டுக்கு அடியில் ஊசி போடாத குட்டி இருக்கிறது என்று எழுதினேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு பெரியவர், "தெருநாய்க்கு இன்னாத்துக்குமா ஊசி? பெருமாள் பார்த்துக்குவாரு" என்றார். மூன்றாம் முறை போனபோது அவரே குட்டியைக் கோணியில் போட்டுக் கொடுத்தார். பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எங்கள் விளையாட்டு மைதானத்துக்கே வந்தார். பதினொரு குட்டிகளுக்கு ஊசி போட்டோம். வெள்ளானூரில் மிஞ்சியிருந்த ஒன்றைத் தனம் அக்கா சைக்கிள் கூடையில் கொண்டுவந்தார். "இத்தையாவது காப்பாத்திக்கினோம்" என்று சொல்லிவிட்டு, ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகிக்கு எங்கள் வரிசையில் டயர் எரிக்கக் கூடாது என்றும் வீடுவீடாகக் கேட்டேன். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேரின் புகையும் மேளமும் அடங்கும்வரை, பட்டாணியை உள்ளறையில் வைத்து, ஜன்னலை அடைத்து, நானும் சாமும் அதன் இரு பக்கமும் படுத்துக்கிடந்தோம். நடைப்படிச் சட்டத்தைப் பற்றி அதன்பின் அம்மா பேசவே இல்லை.

பட்டாணி பதிமூன்று வருடங்கள் எங்களோடு இருந்தது. இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆள் இல்லை. ஜன்னல்களுக்குள் அரசமரக் கன்றுகள் வளர்ந்திருக்கின்றன. வெள்ளானூர்க் கொட்டகை இருந்த இடத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. தனம் அக்கா இப்போது பாக்கெட் பால்தான் வாங்குகிறார். பாடியில் அந்த மருத்துவமனையைத் தேடிப் போனேன். செல்போன் கவர் விற்கும் கடை இருந்தது. டாக்டர் எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நானும் அம்மாவும் இப்போது பூந்தமல்லியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். போன வாரம் மூன்றாம் மாடியில் இருக்கும் இளம் தம்பதி, புதிதாக வாங்கிய குட்டியை எங்களிடம் விட்டுவிட்டு விடுமுறைக்கு ஊட்டி போகலாமா என்று கேட்க வந்தார்கள். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "வந்து போட்டுக்கலாம் ஆன்ட்டி, இப்ப டைம் இல்ல" என்றாள் அந்தப் பெண். நான் பதில் சொல்வதற்குள், காது சரியாகக் கேட்காத அம்மா எப்படியோ அதைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

"ஆட்டோ கூப்பிடுட்டி" என்றாள் என்னிடம். "இவங்களும் வரட்டும்."