அழித்த படம்

வருடக் கடைசியில் எனக்குப் பிடித்த பத்துப் படங்களை அடித்து அடித்துப் பட்டியல் போடுவேன். அந்த அலைக்கழிப்போடு இராமநாதபுரம் தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் உப்புக்காற்றில் கறுத்த முகத்தை நிமிடத்துக்கொருமுறை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் எரிச்சலோடு கேட்டேன், "அங்க என்னதான் பாக்குறீங்க?"

"பழக்கம் சார். தங்கச்சிமடத்துல போட் ஓட்டுறேன். கடல்ல போன்ல படம் பாப்பேன். போட்டுல இடப்பக்கந்தான் ஜிபிஎஸ் இருக்கும். இலங்கை எல்லையத் தாண்டிறக் கூடாதுல்ல."

"இந்த வருசம் எந்தப் படம் பிடிச்சது?"

"ஒண்ணுதான். அதப் பாக்கயில ஜிபிஎஸ்ஸயே மறந்துட்டேன். நிமிந்தா, எல்லைக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம். மாட்டியிருந்தா போட்டுல இருந்த அஞ்சு பேரு வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது. கரைக்கு வந்ததும் அந்தப் படத்த போன்லருந்து அழிச்சுட்டேன்."

"படத்தோட பேரு?"

"வேணாம் சார். சொன்னா, மறுபடி பாக்கத் தோணும்."

வீட்டுக்கு வந்து என் பட்டியலை எடுத்தேன். பத்தில் ஒன்றுகூட என்னை என் போனை மறக்க வைத்ததில்லை.