ஓடைக்கு மேலே ஒரு காப்பு

எங்கள் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிற உயரத்தில் வேப்பமரம் கிடையாது. அந்தக் குளிரும் மழையும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் என் அண்ணன் அன்றைக்கு மனதில் என்ன நினைத்தார் என்று நான் துருவித் துருவிப் பார்க்கும்போதெல்லாம் கையில் சிக்குவது இந்த வேப்பிலை ஒன்றுதான்.

பதினெட்டாம் வருஷம், முதல் ஜெர்மன் சண்டை முடியப்போகிற சமயம் அது. ரங்கூன் அரிசி வருவது நின்று, கேழ்வரகுக்கே திண்டாட்டம். போதாததற்குப் பட்டாளத்துக்காரர்களோடு வந்த காய்ச்சல் ஒன்று மதுரையைச் சுற்றிவிட்டுப் போடிக்கும் வந்து சேர்ந்தது. உழுதுவிட்டு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்குப் பக்கம். அண்ணன்தான் ஊருக்கு நாட்டாமை.

கொள்ளைநோய் வந்தால் நாங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டுவோம். எல்லையில் வேப்பிலைக் கயிறு கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரன் வெளியே போய்த் தங்கக் கூடாது, வெளியாள் உள்ளே தங்கக் கூடாது. அதனால் வெளியில் இருக்கிறவர்கள் எல்லோரும் கட்டுவதற்கு முன்பே வந்து சேர வேண்டும். கட்டுகிறவர் நாட்டாமை, கட்டினவரேதான் அவிழ்க்கவும் வேண்டும். நோய்க்குப் பயந்து, நல்லபடியாக இருக்கிறவர்களை எல்லாம் நோய் இருக்கிற இடத்துக்கே கூப்பிட்டு அடைத்து வைக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

நான் அப்போது மேலே மலையில் இருந்தேன். காய் எடுப்புக் காலம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது என் அக்கா. அண்ணனுக்கு இளையவள், எனக்கு மூத்தவள், புருஷனை இழந்தவள். பறிக்கிற ஆட்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். பொதிமாட்டில் தானியம் கொண்டுவருகிறவர் செய்தியையும் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை காப்பு, அதற்குள் அத்தனை பேரும் இறங்கிவிட வேண்டும், நாட்டாமை வாக்கு.

நான் உடனே துணியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெண்டாட்டி ஊரில் இருந்தாள். அக்கா காய் உலர்த்துகிற அறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"துணியக் கீழ வைடா. யாரும் இறங்கப்போறதில்ல."

"அண்ணன் சொல்லி விட்ருக்காரு."

"சொல்லட்டும். போன தடவ பொதிமாட்டோட ஒருத்தன் இருமிக்கிட்டே வந்தான்ல, அவன் படுத்த குடிசையில மட்டுந்தான ரெண்டு பேருக்குக் காய்ச்சல்? மத்த குடிசையில ஒருத்தருக்கும் இல்லையே. இது காத்துல வரலடா, ஆளோட வருது. நாம இறங்குனா நாமளே அதத் தேடிப் போறோம்."

அந்த இரண்டு பேருக்கும் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, வேறு யாரையும் அண்ட விடாமல் அவள் காவல் இருந்ததை நானும் பார்த்தேன். அவர்கள் எழுந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பழுத்த காய் வெடிச்சு வீணாப் போயிருமேன்னு பாக்குற நீ. காய் மேல அம்புட்டு ஆசை."

அறைவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பொதிமாட்டுக்காரரிடம் பேசினாள்.

"எங்கண்ணன்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. ஒந் தங்கச்சி இறங்க மாட்டேன்னுட்டா, அவ பேச்சக் கேட்டுத்தான் மத்தவுகளும் நிக்கிறாக, கோவம்னா அவ மேல காட்டுன்னு சொல்லுங்க."

கீழே நடந்ததைப் பிறகு என் பெண்டாட்டியிடமும் அம்மன் கோயில் பூசாரியிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாவடியில் ஊர் கூடியிருக்கிறது. சாமி குத்தம் என்றிருக்கிறார்கள். தங்கச்சிக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பொதிமாட்டுக்காரரிடம் மட்டும், மேலே இப்போது யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டாராம். இல்லை என்றதும் எழுந்து வீட்டுக்குப் போய், மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்து கயிறு திரித்தாராம்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் அவர் பாதையில் ஏறி வருவதைப் பார்த்தோம். தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை உண்டு. அதன் அக்கரையிலேயே அவர் நின்றுவிட்டார்.

"இங்கிட்டு வாண்ணே, கஞ்சி குடி" என்றாள் அக்கா.

"வரல. நேத்தெல்லாம் பொணந்தான் தூக்கினேன். அங்கனயே நில்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எம் பேச்சத் தட்டிட்டேல்ல?"

"தட்டிட்டேண்ணே."

"நீ சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல, தாயி. தப்பா இருந்தா அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சரியா இருந்து, நான் இத்தன பேரையும் இறக்கிக் கொன்னுட்டேன்னா, யாரு கால்ல போயி விழுகுறது?"

அக்கா அழுதாள். அவள் புருஷன் செத்தபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இந்தத் தோட்டத்தையும் ஒரு ஊரா வச்சுக்குவோம். இதுக்குத் தனிக் காப்பு. கட்டிட்டா ஒருத்தரும் இறங்கப்படாது. நான் வந்து அவுக்குற வரைக்கும் இருப்பியா?"

"இருப்பேண்ணே."

பிறகு என்னைப் பார்த்தார். "ஒம் பொண்டாட்டிக்கு நேத்துலருந்து காய்ச்சல். வர்றதுன்னா இப்பவே வா. கட்டுனதுக்கப்புறம் முடியாது."

நான் ஓடையில் இறங்கிவிட்டேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "வெரசாப் போடா, வழியில எங்கயும் நிக்காத" என்று அவள் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. அண்ணன் தோளில் கிடந்த கயிற்றை எடுத்து, பாதையின் இரண்டு பக்கத்து மரங்களிலும் கட்டினார். கயிறு முழுக்க வேப்பிலை. வெயிலில் லேசாக வாடியிருந்தது.

சாவடியில் அவர் சொன்னது இதுதான்: "அவுகளுக்கும் காப்புக் கட்டியாச்சு. இனிமே அவுக இறங்குனாத்தான் சாமி குத்தம்." அதோடு கூட்டம் கலைந்தது.

இது வெறும் சாமர்த்தியமா? தங்கச்சியை ஊர் வாயிலிருந்து காப்பாற்றச் செய்த தந்திரமா? இல்லை, அம்மன் மேல் உண்மையான நம்பிக்கையா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். மலையில் வேம்பு இல்லை. கயிற்றைக் கீழேயே திரித்துக் கொண்டுவந்தார் என்றால், அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். அப்புறம் எதற்கு ஓடைக் கரையில் அவ்வளவு பேச்சு? அவள் வாயால் "இருப்பேன்" என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

என் பெண்டாட்டி பிழைத்துக்கொண்டாள். அண்ணன் பிழைக்கவில்லை. படுத்தவர், ஊர்க் காப்பை அவிழ்ப்பதற்கு முன்பே போய்விட்டார். கட்டினவர் இல்லாததால், கூடப் பிறந்தவன் அவிழ்க்கலாம் என்று பூசாரி வழி சொன்னார். காய்ச்சல் ஓய்ந்ததும் ஊர்க் காப்பை நான் அவிழ்த்தேன். அப்புறம் ஓடைக்குப் போனேன்.

அக்கா அக்கரையில் வந்து நின்றாள். என்னைத் தனியாகப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். பறிக்க வந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஓடையைக் கடந்து வந்தார்கள். ஒரு உயிர்கூடக் குறையவில்லை. கடைசி ஆளும் வந்த பிறகு, "வாக்கா" என்றேன்.

"நீ கட்டலையேடா" என்றாள்.

"பூசாரி சொல்லித்தான் அவுத்தேன்."

"அவுக போகட்டும், பிள்ளகுட்டிக்காரக. இங்கயே இருப்பேன்னு நான் அண்ணன்கிட்டச் சொன்னேன்."

அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா உனக்கு என்றுகூடக் கேட்டேன். அவள் எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். வருஷா வருஷம் காய் எடுப்புக்கு ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நான் தானியம் கொண்டுபோனால் அக்கரையில் வந்து வாங்கிக்கொள்வாள். எந்த வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று ஒன்று விடாமல் கேட்பாள். ஊருக்கு வாயேன் என்றால், அண்ணன் வந்து அவுக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், நாட்டாமை பேச்சைத் தட்டினவள் என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.