தன் பெயரில் ஒரு கடிதம்

ஹாலிஎல பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒடுங்கியிருக்கும் கடைதான் மரியகொரட்டியினுடையது. போட்டோ கொப்பி எடுப்பாள், படிவம் நிரப்புவாள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதம் அடித்துக் கொடுப்பாள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர்கள், லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று தோட்டத்துத் துரைக்கு மனுக் கொடுப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டான் என்று பொலிசுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்வார்கள். காலையில் முறைப்பாடு எழுதியவன் போன பிறகு, மத்தியானம் குழாயை வெட்டியவனே வந்து தன் நியாயத்தைச் சொல்வதும் உண்டு. இருவருக்கும் ஒரே கவனத்தோடு அடித்துக் கொடுப்பாள். தமிழிலும் சிங்களத்திலும் அவள் விரல்கள் ஒரே வேகத்தில் ஓடும்.

"நீங்க என்ன மிஸ் நெனைக்கிறீங்க, யார் பக்கம் நியாயம்?" என்று யாராவது கேட்டால், "நான் டைப் அடிக்கிற ஆளுங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். இப்படிப் பத்தொன்பது வருடம்.

அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவளுடைய அப்பா யேசுரத்தினம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று ஜூலையில் பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்த நாளன்று சாமான் வாங்கப் போயிருந்தார். மெயின் ரோட்டை விட்டுத் தேயிலை மலை வழியாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தார். என்ன கண்டார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ரயிலில் ஆமிக்காரர் கேட்டாலும், சங்கத்துத் தலைவர் கேட்டாலும், மாதா கோவிலில் சாமியார் கேட்டாலும், நாட்டு நடப்பைப் பற்றி அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க." அவர் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்த வீட்டில் அந்தப் பதில் சாகவில்லை. அவளுடைய தம்பி ரஜீவன் மட்டும்தான் அதற்கு விலக்கு.

ரஜீவன் ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்காக மூன்று நாள் வரிசையில் கிடந்தவன். அந்த வருடம் நாடு முழுக்கக் கறண்ட் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. மரியகொரட்டியின் கடையில் கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்த நேரம்தான் அதிகம். பதுளையில் ஆர்ப்பாட்டம் என்றதும் ரஜீவன் அட்டை எழுதிக்கொண்டு ஓடினான். அட்டையில் சிங்கள எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தவள் அவள்தான். சனம் வீதிக்கு இறங்கியதில் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மே ஒன்பதாம் திகதி, கொழும்பில் அமைதியாகக் கூடியிருந்தவர்களை ஆளுங்கட்சி ஆட்கள் தடியால் அடித்த செய்தி மத்தியானம் போனில் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் ஊராக ஆளுங்கட்சிக்காரரின் வீடுகள் எரியத் தொடங்கின. ஹாலிஎலயிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு பிரதேச சபை உறுப்பினரின் வீடும் எரிந்தது. கடையைப் பூட்டிக்கொண்டிருந்த மரியகொரட்டி அந்தப் புகையைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கால்கள் தாமாகவே மலைப் பக்கம் திரும்பின. பிறகுதான், இது வேறு வருடம், எரிவது வேறு ஆளின் வீடு என்று நினைவுக்கு வந்தது.

ஊரடங்கு முடிந்து கடை திறந்த அன்று எல்லோரிடமும் ஒரு முடிவு தயாராக இருந்தது. அந்த வீட்டுக்குள் நாற்பது எரிவாயு சிலிண்டர் பதுக்கி வைத்திருந்ததாக ஒரு பக்கம் சொன்னது. தோட்டத்து ஆட்கள்தான் கூட்டமாக வந்து கொளுத்தினார்கள் என்று இன்னொரு பக்கம் சொன்னது. ரஜீவன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "எரிச்சது சரிதான்க்கா. வேற எப்படித்தான் அவனுங்களுக்கு வெளங்கும்?" அவள் வழக்கம்போல அடுத்த தாளை எடுத்தாள்.

நான்காம் நாள் தனலெட்சுமி வந்தாள். பக்கத்துத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய மகன் நிஷாந்தையும் இன்னும் மூன்று பொடியன்களையும் பொலிஸ் பிடித்து ரிமாண்டில் வைத்திருந்தது. நால்வரும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள்.

"மிஸ், மனித உரிமைக் கமிஷனுக்கு ஒரு கடிதம் வேணும். மகன் அன்னிக்கு வீட்டுல காச்சலா படுத்திருந்தான்னு எழுதுங்க."

மரியகொரட்டி பெயர், விலாசம் வரை அடித்தாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அந்த வீட்டின் கேட்டருகே நிஷாந்த் நின்று சத்தம் போடும் வீடியோவை அவள் இரண்டு நாள் முன்னால் ரஜீவனின் போனில் பார்த்திருந்தாள். பார்த்தது அவள் மட்டுமா, ஊரே பார்த்திருந்தது.

"அக்கா, இத எழுதினா ஒங்க மகனுக்குத்தான் கெடுதல். அவன் அங்க நின்னான். வீடியோவுல இருக்கு. நின்னான், ஆனா கொளுத்தல்லன்னா, அதையே எழுதுவோமே."

தனலெட்சுமியின் முகம் கறுத்துப்போனது. "அப்ப நீங்க அவுங்க பக்கமா மிஸ்?"

நான் எந்தப் பக்கமும் இல்லை என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது மகனை ரிமாண்டில் விட்டுவிட்டு வந்த ஒரு தாய். அந்தப் பதிலை அவளிடம் சொல்வது காறித் துப்புவது மாதிரி இருக்கும் என்று மரியகொரட்டிக்குப் பட்டது.

"எனக்கு ரெண்டு நாள் தாங்கக்கா. நீங்க மகனப் பாக்கப் போறப்ப அவன்கிட்டயே கேளுங்க, என்ன எழுதணும்னு."

மறுநாள் காலையில் அவள் கடையைத் திறக்காமல் எரிந்த வீட்டைப் பார்க்கப் போனாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. ஊர் முழுக்கப் பேசும் ஒரு விஷயத்தை, தன் கண்ணால் ஒருமுறையாவது பார்க்காமல் எந்தக் கடிதத்தை அடிப்பது என்றுதான் நினைத்தாள்.

கூரை உள்ளே விழுந்திருந்தது. முற்றத்தில் உறுப்பினரின் மனைவி சந்திரலதா, கரிபிடித்த சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உறுப்பினர் ஊரில் இல்லை. சுவரோரம் வெடித்துப் பிளந்த சிலிண்டர் இரண்டு கிடந்தது. நாற்பது அல்ல, இரண்டு.

மரியகொரட்டி சிங்களத்தில் தன்னை யாரென்று சொன்னாள். சந்திரலதா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பார்க்க வந்தீர்களா? எல்லோரும் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள்."

"படம் எடுக்க வரவில்லை. நடந்ததைக் கேட்க வந்தேன்."

சந்திரலதா அடுத்த சட்டியை இழுத்துச் சாம்பல் போட்டாள். பிறகு அவளாகவே பேசினாள். மாமியாரைப் பாயோடு தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவால் ஓடியதைச் சொன்னாள். "என் கணவர் நல்லவர் என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன். அவர் என்னென்ன செய்தார் என்று எனக்கு எல்லாம் தெரியாது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் எரிவாயு வரிசையில் என்னோடு நின்றவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், டவுன்காரர்களும் இருந்தார்கள். நெருப்பு வைத்தது யாரென்று நான் காணவில்லை."

"பொலிசில் தோட்டத்து ஆட்கள் என்றுதானே எழுதியிருக்கிறது?"

"அது அவர் சொன்னது. அவர் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. இருந்த என்னிடம் யாரும் கேட்கவில்லை."

புறப்படும்போது சந்திரலதா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "வந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. அதையும் தெரிந்துகொண்டு போங்கள்."

அன்று மத்தியானச் சோற்றுக்கு ரஜீவன் வந்தான். அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். பிறகு, அவனிடம் இதுவரை பேசாத ஒன்றைப் பேசினாள்.

"எண்பத்து மூணுல கொளுத்தினவங்களும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டுத்தானே கொளுத்தினாங்க தம்பி?"

ரஜீவன் சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்தான். "அது வேற, இது வேற. அன்னிக்கு ஒண்ணும் செய்யாத சனத்த, தமிழன்னு பாத்துக் கொளுத்தினாங்க. இது நம்ம சோத்துல கைவச்சவன் வீடு. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. இரண்டும் ஒன்றல்ல. அதை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகும் அவள் நெஞ்சில் ஏதோ இடறிக்கொண்டே இருந்தது. தனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று, நாற்பத்து நான்கு வயதில், அவள் முதல் தடவையாக ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுதியது நான்கே வரி. கொழும்பில் கூடியிருந்தவர்களை அடித்தது பிழை. சனம் வீதிக்கு இறங்கியது சரி. ஆள் இருக்கும் வீட்டுக்கு நெருப்பு வைத்தது பிழை, அது யாருடைய வீடாக இருந்தாலும். வைத்தவரைத் தேடாமல் கைக்கு அகப்பட்ட தோட்டத்துப் பொடியன்களை மட்டும் அடைத்து வைத்திருப்பதும் பிழை.

மூன்றாவது வரியில் 'ஆள் இருக்கும்' என்ற சொற்கள் அவளை விடவில்லை. ஆள் இல்லாத வீடென்றால் சரியாகிவிடுமா? ஒரு காலை முழுக்க அதையே யோசித்தாள். அவள் அடித்துக் கொடுத்த எந்த முறைப்பாட்டுக்கும் எதிராளி வந்து பதில் சொல்ல ஒரு நாள் குறிப்பார்கள். நெருப்பு நாள் குறிப்பதில்லை. கூட்டத்தில் முதலில் தீக்குச்சி கிழித்தவனின் முடிவுதான் எல்லோருடைய முடிவும். பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் வெட்டினாள். கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தனலெட்சுமி திரும்பி வந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன் மிஸ். உள்ளத எழுதச் சொன்னான். நின்னானாம், கத்தினானாம், ஜன்னலுக்கு ஒரு கல்லு விட்டானாம். நெருப்பக் கண்டதும் ஓடி வந்துட்டானாம்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மரியகொரட்டி கல்லையும் சேர்த்தே எழுதினாள்.

அடுத்த வாரம், ஊருக்குள் பதற்றம் கூடுகிறதென்று பௌத்த பன்சலையின் பிக்குவான ஹாமதுருவும் மாதா கோவில் பங்குத் தந்தையும் சேர்ந்து, கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் பாடசாலை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க மரியகொரட்டியை நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் ஒருவர் கோபத்தை மற்றவர் மொழியில் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டது. கடைசியாக ஹாமதுரு, இன்னும் யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார்.

"நான் பேசணும்" என்றாள். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். "இனி சொல்றது நான் மொழிபெயர்க்கிறது இல்ல. என் பேச்சு." பையிலிருந்து தாளை எடுத்து நான்கு வரியையும் இரண்டு மொழியிலும் வாசித்தாள்.

முன் வரிசையில் இருந்த ஒரு வியாபாரி, தோட்டத்துக்காரிக்கு இவ்வளவு வாயா என்று முணுமுணுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "நம்ம ஆளா இருந்துகிட்டு அவனுக்கு வக்காலத்தா?" என்றது. ரஜீவன் சுவரில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சந்திரலதா எழுந்தாள்.

"டவுன் ஆட்களும் வந்தார்கள். நான் கண்டேன். இதைப் பொலிசிலும் சொல்லத் தயார்."

சிங்களம் தெரியாதவர்கள் மரியகொரட்டியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அதையும் தமிழில் சொன்னாள்.

ஊர் அன்றோடு மாறிவிட்டதென்று சொல்ல முடியாது. அந்த வியாபாரி தன் கடை விளம்பரங்களை வேறிடத்தில் அடிக்கத் தொடங்கினார். தோட்டத்துக் குடும்பங்கள் இரண்டு மூன்று அவள் கடைப் பக்கமே வரவில்லை. ஆனால் சந்திரலதா சொன்னபடியே போய் வாக்குமூலம் கொடுத்தாள். அதையும் நிஷாந்தின் கடிதத்தையும் வைத்துச் சட்டத்தரணி வாதாடினார். ஐந்தாவது வாரம் நால்வருக்கும் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே வந்த நிஷாந்த் நேராக அவள் கடைக்குத்தான் வந்தான். "மிஸ், அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதணும். எனக்கு சிங்களம் எழுத வராது" என்றான். கல் விட்டது தான்தான் என்றும், உள்ளே படுக்கையில் ஒரு கிழவி இருந்தது தெரியாது என்றும் அடிக்கச் சொன்னான். பதில் வரவில்லை. சில மாதம் கழித்துப் பதுளை பஸ்ஸில் சந்திரலதா ஏறியதைக் கண்டு அவன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டு சற்று நேரம் நின்றாளாம். பிறகு உட்கார்ந்து, அவன் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாளாம். இதை நிஷாந்த் மூன்று தடவை மரியகொரட்டியிடம் சொல்லிவிட்டான்.

ரஜீவன் இன்றைக்கும், நெருப்பு வைத்தது பிழை என்ற அந்த மூன்றாவது வரியை ஏற்கவில்லை. மற்ற மூன்றையும் ஏற்கிறான். அதற்காகச் சாப்பிட வராமல் இருப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், போனை அவள் முன்னால் நீட்டினான். போதைப்பொருள் விற்கிறவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று யாரோ ஆவேசமாகப் பேசும் வீடியோ.

"இதுக்கு என்ன சொல்றீங்கக்கா?"

"இன்னும் முடிவு பண்ணல. அந்தச் சட்டத்தப் பத்தி வாசிச்சுக்கிட்டு இருக்கேன். லுணுகலையில ஒரு தாய்கிட்ட பேசவும் வேணும், அவங்க மகன் அதுல மாட்டினவன். அடுத்த கெழம சொல்றேன்."

"அடுத்த கெழமயா? ஒரு வீடியோவுக்கு ஒரு கெழமயா?"

"பொறு தம்பி. நீ என்ன நெனைக்கிற, அத மொதல்ல சொல்லு. ஏன்னும் சொல்லு."

ரஜீவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். நாற்காலியை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு, கோழிக் குழம்பு ஆறுவதைக் கூடக் கவனிக்காமல் பேசத் தொடங்கினான்.