மிதிக்காத கம்பளம்

நோர்வேயில், நாங்கள் வளர்ந்த ட்வெய்ட்டா வீட்டை விட்டு அப்பா லோறென்ஸ்கூக் என்ற ஊரில் என்னோடு இருக்க வந்தபோது, அந்தப் பாரசீகக் கம்பளத்தையும் கொண்டு வந்தார். கட்டை அவிழ்த்ததும் அந்துருண்டை மணம் கூடம் முழுக்கப் பரவியது. பழைய எரிச்சலும் கூடவே வந்தது.

பழைய சாமான் சந்தையில் அப்பா வாங்கிய கம்பளம் அது. எங்கள் எல்லோரையும் விட வயது கூடியது. ஆனால் சோபாவுக்குப் பின்னால் சுருண்டே கிடக்கும். நானும் தம்பியும் குளிர்காலத்தில் வெறுந்தரையில் அமர்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவோம். யாராவது வந்தால் மட்டும் அப்பா விரித்து, பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்.

"பாருங்கோ, ஒவ்வொரு முடிச்சும் கையாலை போட்டது. இந்தச் சிவப்பு, வேரிலை காய்ச்சின சாயம்."

வந்தவர்கள் மிதிக்கப் பயந்து ஓரமாகச் சுற்றிப் போவார்கள். வருடத்தில் ஒருநாள், அயலிலுள்ள நோர்வேக்காரர்களைப் போல, புதுப்பனியில் கவிழ்த்துப் போட்டு அடித்துத் தூசி எடுப்போம். அன்றுகூட ஏறிக் குதிக்க விடமாட்டார்.

இப்போது விரித்துப் பார்த்தால், நடுப்பூவை அந்துப்பூச்சி அரித்திருந்தது.

"மிதிச்சாப் பழுதாப்போகும் எண்டுதானே பொத்திப் பொத்தி வைச்சனான்," என்றார் அப்பா.

"மிதிக்கத்தானே அப்பா நெய்தவங்கள். ஆக்கள் நடமாடுற இடத்திலை கிடந்திருந்தா பூச்சி அண்டியிராது."

அவர் அதைச் சுருட்டக் குனிந்தார். நான் வீம்புக்கு அதைக் கூடத்தின் நடுவே விரித்துவிட்டேன்.

தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டபோது, சுவரைப் பிடித்தபடி கம்பளத்தின் ஓரத்தால் சுற்றி வந்தார்.

"அதுக்கு மேலாலை வாங்கோ அப்பா," என்று கத்தினேன்.

கத்திக்கொண்டே, கையில் கோப்பையுடன் நானும் ஓரத்தால்தான் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.