நிமிராத விரல்

என் இடது கை மோதிர விரல் நிமிராது. நடுக்கணுவில் மடங்கிக் கொக்கிபோல உள்ளே வளைந்து நிற்கும். மழைக்கு முந்தைய நாளே வலிக்கத் தொடங்கிவிடும். சென்ற வாரம், நான் இப்போது வேலை பார்க்கும் தோட்டத்து விடுதிக்கு நகரத்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அவர்களை அழைத்து வந்த ஆசிரியை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே எல்லோரையும் உட்கார வைத்துக் கண்களை மூடச் சொன்னார். மனசுக்குள் என்ன தோன்றுகிறதோ அதன் பின்னால் போங்கள், இந்த மலைக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். தேநீர் ஊற்ற நின்றிருந்த என்னையும் விடவில்லை. "அக்கா, நீங்களும் மூடுங்க." மூடினேன். விரல் விண்ணென்று தெறித்தது. எனக்கு மலை வரவில்லை. என் நாத்தனார்தான் வந்தாள், கையில் மட்டக்கம்போடு.

மட்டக்கம்பு என்பது கொழுந்து கிள்ளும்போது செடியின் தலைமேல் குறுக்கே போட்டுக்கொள்கிற நீளக் கம்பு. அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும்தான் கிள்ள வேண்டும். எல்லோருக்கும் அது அளவு பார்க்க. என் நாத்தனாருக்கு அதில் வேறு உபயோகங்களும் இருந்தன. கங்காணி ஒருமுறை ஏதோ அசிங்கமாகச் சொல்லப்போய், அதே கம்பால் முழங்காலில் வாங்கிக்கொண்டு நொண்டியபடி போனார்.

அவள் என் கணவருக்கு மூத்தவள். அடித்துக்கொண்டே இருந்த புருஷனை ஒருநாள் விறகுக்கட்டையால் திருப்பி அடித்து, மண்டையைப் பிளந்துவிட்டு, வண்டிப்பெரியார் பஸ் ஏறி எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே அடுப்பு. ஒரு உறையில் இரண்டு கத்தி என்கிற கதைதான். குழம்பில் உப்பு கூடினால் சட்டி பறக்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு சண்டையில் அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக் காது மடலைக் கிழித்திருக்கிறேன். ஒரு வருஷம் கணவரிடம் "அவளா நானா" என்று கேட்டே விட்டேன். ஆடி கழியட்டும், வேறு இடம் பார்த்து அனுப்பிவிடுகிறேன் என்று அவரும் தலையாட்டியிருந்தார்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. திடீரென்று நின்று, "வயித்தப் பெரட்டுது, போவாதீக" என்பாள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பஸ் கவிழும் என்று சொல்லி எங்களை ஒரு கல்யாணத்துக்குப் போகவிடாமல் செய்தாள். பஸ் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது. அதனால் அவள் வயிற்றை லயத்தில் யாரும் மதிப்பதில்லை.

அந்த ஆடியில் மழை மலையையே கரைத்துக்கொண்டிருந்தது. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. குழாயில் சேறு அடைத்துவிட்டது, ஓடையும் கலங்கிக் கிடந்தது. எப்போது தண்ணீர் திறப்பார்களோ என்று குடங்களையும் கூடைகளோடு மலைக்கே தூக்கி வந்திருந்தோம். குழாய் கீழே, ஓடைக்கரையில். மேலே, தொட்டிக்குப் பக்கத்தில் பம்புக்காரச் சேட்டன் இருப்பார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். திறந்துவிட்டதும் "வெள்ளம் வந்நே" என்று அவர் ஒரு குரல் கொடுப்பார், நாங்கள் ஓடுவோம். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம். எங்கள் பிள்ளைகள்கூடக் குழாய்த் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லும்.

அன்றைக்குக் காலை, மழை இரைச்சலுக்கு நடுவே, அவர் "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தினார். மேலே ஓடைப் பள்ளத்தில் மண்ணும் மரமும் புரண்டு இறங்குவதை அவர் பார்த்துவிட்டிருக்கிறார். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நம் அர்த்தத்தில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அவர் தமிழில் கத்தினார், நாங்கள் மலையாளத்தில் கேட்டோம். கூடையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையை நோக்கி ஓடினோம்.

ஒற்றையடிப் பாதை இறங்கும் இடத்தில் என் நாத்தனார் குறுக்கே நின்றாள்.

"ஏட்டி, போவாத."

"எதுக்கு?"

"தெரியல. போவாத."

அவளும் குழாய்த் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தாள். பிற்பாடு அவளே சொன்னது அது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது, வயிறு மட்டும்தான் புரட்டியது. நான் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். மட்டக்கம்பு குடத்தைப் பிடித்திருந்த கையில் இறங்கியது. விரல் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. குடம் உருண்டது. நான் அவள் மயிரைப் பிடித்தேன், அவள் என் குரல்வளையைப் பிடித்தாள். இருவரும் சேற்றில் விழுந்து புரண்டோம். அவள் தோளைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தமும் மண்ணும். அவளைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறைப்பானேன். பின்னால் வந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். விலக்கிவிட ஒருத்தியும் வரவில்லை.

மேட்டு லயத்து அக்கா மட்டும் நிற்கவில்லை. அவர் அடுத்தவர் சண்டையை வேடிக்கை பார்க்காத மனுஷி. எங்களைச் சுற்றிக்கொண்டு, "ஒங்களுக்கு வேற சோலி இல்ல" என்று சொல்லி இறங்கிப் போனார்.

பிறகு மலை கிழிந்தது. இடி என்றுதான் முதலில் நினைத்தோம், ஆனால் சத்தம் நிற்கவே இல்லை. கீழே குழாய், பாதை, ஓடை மூன்றும் ஒரே சேறாகிப் போவதை, ஒருத்தி கழுத்தை ஒருத்தி பிடித்தபடியே பார்த்தோம். வேரோடு சவுக்கு மரங்கள் தலைகீழாகப் போயின. அக்காவைப் பெரியாற்றங்கரையில்தான் எடுத்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. பம்புக்காரச் சேட்டன் சுவரில் தலையை மோதி மோதி அழுதார்.

நல்ல மனுஷி போனார், சண்டை போட்டவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் பிழைத்தோம். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலைக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது.

நாத்தனாரை யாரும் வெளியே அனுப்பவில்லை. சண்டை மட்டும் ஓயவில்லை. லயத்துப் பெண்கள் சிலர் அவளிடம் குறி கேட்க வந்தார்கள், விளக்குமாற்றால் விரட்டினாள். போன வருஷம் அவள் காய்ச்சலில் படுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கஞ்சியை ஊட்டிக்கொண்டே துணிந்து சொன்னேன். "மதினி, அன்னைக்கி நீங்க அடிக்கலன்னா நான் இல்ல." அவள் கரண்டியைக் கையால் விலக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஓங்கிப் போட்டிருக்கணும். நீ அலறியிருப்ப. அந்த மேட்டு லயத்துக்காரியும் நின்னு பாத்திருப்பா."

இரண்டு நாளில் போய்விட்டாள்.

செடிகளுக்கு நடுவே எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். யார் எதற்கு நன்றி சொன்னீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். மேகம் என்றார்கள், காற்று என்றார்கள், பறவை என்றார்கள். என்னிடம் வந்தபோது கையை நீட்டி, "இந்த வெரலுக்கு" என்றேன். அவர் நல்ல பெண். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தடவிக்கொடுத்தார்.

"ஐயோ, ரொம்ப வலிக்குமா அக்கா?"

"மழைக்கு வலிக்கும்மா. கூட ரெண்டு வெரலு ஒடஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்."