பவித்ராவை நான் ஜெயிக்க வைத்த சனிக்கிழமை

1. முதல் நாள் ரிஜெக்ட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பதினோரு பிள்ளைகளை அழவைத்தேன். வந்திருந்ததே பதினேழு பேர்தான்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் QC லைனில் இருந்தவள் நான். பெல்ட்டில் வரும் சாமானில் நல்லதை விட வேண்டும், கெட்டதை எடுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்று ஒரு மாதம் வீட்டில் இருந்ததில் வீட்டுக்காரரோடு சண்டைதான் மிச்சம். கிள்ளானில் விளையாட்டுக் கார் கடை வைத்திருக்கும் என் தம்பி சேகர், "அக்கா, சனிக்கிழமை கடை மாடியில பிள்ளைங்களுக்கு ரேஸ் வைக்கிறேன், நீ வந்து பாத்துக்கோயேன்" என்று கூப்பிட்டான். போனேன்.

இந்தக் கார்கள் உள்ளங்கையில் அடங்கும். பிள்ளைகளே பாகம் பாகமாகப் பூட்டுவார்கள். ரிமோட் கிடையாது. இரண்டு பேட்டரியைப் போட்டு, சுவிட்சைத் தட்டி டிராக்கில் விட்டால் தானாக ஓடும். ஒரு தடவைக்கு மூன்று பேர் விடுவார்கள், அது ஒரு ஹீட். ஒவ்வொரு காரும் எத்தனை செகண்டில் ஓடியது என்று டைமர் மெஷின் காட்டும். ஹீட்டில் முதலில் வருகிறவருக்கு ஒரு சின்ன கப்பும் அடுத்த ஹீட்டும் உண்டு. மற்ற இருவருக்கும் அன்றைய ரேஸ் அதோடு முடிந்தது.

ஓடுவதற்கு முன்னால் காரைச் செக் பண்ண வேண்டும். ரூல் புக்கையும் ஸ்கேலையும் என் கையில் கொடுத்தான் சேகர். குரங்கு கையில் பூமாலை. அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் ரிஜெக்ட் என்று தூக்கித் தனியாக வைத்தேன். அழுகைச் சத்தம் கேட்டு அவன் படியேறி ஓடிவந்தான்.

"அக்கா, இது ஃபேக்டரி இல்லலா! தப்பா இருந்தா உக்காந்து சரி பண்ணிக் குடு. இந்தா, ஸ்க்ரூ டிரைவர்."

பதினோரு காரையும் உட்கார்ந்து சரி செய்தேன். ரேஸ் ஒன்றரை மணி நேரம் லேட்.

2. எல்லாருக்கும் மெடல்

செய்த பாவத்தைக் கழுவ வேண்டும் என்று, அடுத்த மாதம் என் சொந்த யோசனையில் எல்லாருக்கும் தங்கக் கலர் பிளாஸ்டிக் மெடல் வாங்கி வந்தேன். தோற்ற பிள்ளைகள் கழுத்திலும் மாட்டிவிட்டேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஆறு வயதுப் பையன் ஒருவன் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆன்டி, இது எதுக்கு?"

"நீ நல்லா ஓட்டுனல்ல, அதுக்குத்தான்."

"இல்லியே. என் கார் வெளிய பறந்து டஸ்ட்பின்ல போய் விழுந்துச்சே."

சாயந்திரம் கூட்டிப் பெருக்கும்போது மாடிப்படிக்கு அடியில் ஒன்பது மெடல் கிடந்தது. அந்தப் பையனுடையது மட்டும் டஸ்ட்பின்னிலேயே இருந்தது.

3. இரண்டு டப்பா

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் இதை மட்டுமாவது படித்துக்கொள்ளுங்கள்.

பவித்ராவுக்குப் பத்து வயது. காப்பாரிலிருந்து அப்பா குமரனோடு வருவாள். அவர் லோரி ஓட்டுகிறவர். அவளுடைய வெள்ளைக் காரில் நெயில் பாலிஷால் சிவப்புப் பூ வரைந்திருப்பாள். முடி இடுப்பு வரைக்கும் தொங்கும். எட்டு சனிக்கிழமை வந்து எட்டிலும் முதல் ஹீட்டிலேயே தோற்றாள். என் முன்னால் அழமாட்டாள். காரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "தேங்க்யூ ஆன்டி" என்று சொல்லிப் படியிறங்குவாள்.

ஒன்பதாவது சனிக்கிழமை குமரன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, இன்னைக்கும் தோத்தா இதோட நிறுத்திடலாம்னு இருக்கேன். வீடு போற வரைக்கும் பின் சீட்டுல அழுதுகிட்டே வருது பிள்ள. எனக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியல."

அவள் இல்லாத சனிக்கிழமையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் ரேஸில் பேட்டரியை நாங்கள்தான் கொடுப்போம். காசுள்ள வீட்டுப் பிள்ளை விலை கூடின பேட்டரி போட்டு ஜெயிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ரூல் அது. மேசைமேல் இரண்டு டப்பா இருக்கும். ஒன்றில் ரேஸுக்குப் புதுசு, இன்னொன்றில் சும்மா ஓட்டிப் பார்க்க, போன வாரம் ஓடித் தேய்ந்தது. பவித்ராவோடு அன்று ஓட இருந்தவர்கள் இரண்டு பேர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அம்மாவோடு கொமுட்டர் ரயிலில் வரும் ஹரிஷ். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் கைருல். அவர்கள் இருவருக்கும் பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் என் கையைப் பார்க்கவில்லை. ஆன்டி கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறோம் என்று இருந்தார்கள்.

பவித்ரா முதலாவது வந்தாள். அடுத்த ஹீட்டில் தோற்றாலும் கப் அவளுக்குத்தான். குமரன் கப்போடு அவளை நிற்கவைத்துப் பத்துப் படம் எடுத்தார். அவளும் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹரிஷ் தன் காரைக் காதருகே வைத்து உலுக்கிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. பட்டும் நான் திரும்பிக்கொண்டேன்.

4. பவித்ராவின் நோட்டு

மறு சனிக்கிழமை ரேஸ் தொடங்கும் முன்பே நேராக என்னிடம் வந்தாள் பவித்ரா. ஒரு கையில் கப், ஒரு கையில் பள்ளிக்கூட நோட்டு.

"ஆன்டி, டைமர் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் செக் பண்ணுங்க."

நோட்டைப் பிரித்தாள். தன் நேரம், தன்னோடு ஓடியவர்களின் நேரம், எல்லாவற்றையும் ஒன்பது வாரமாக எழுதி வைத்திருக்கிறாள்.

"நான் எப்பவும் பத்தொம்போது செகண்ட். அன்னைக்கும் பத்தொம்போதுதான். ஹரிஷும் கைருலும் எப்பவும் பதினேழு. அன்னைக்கு மட்டும் இருபத்தொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எப்படி ஆன்டி? மெஷின் தப்புன்னா இந்தக் கப் என்னோடது இல்லல்ல?"

மெஷின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆமாம் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சமயம் பார்த்து, பின்னால் மேசையில் ஹரிஷ் இன்னொரு பையனிடம் பேசுவது கேட்டது.

"என் கார் போச்சுடா. வீட்டுல ஃபுல்லா கழட்டிப் பாத்தேன். கியர் மூடியத் தெறக்கும்போது ஒடஞ்சிருச்சு."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மைக்கை எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பெற்றவர்களும் இருக்க, நான் செய்ததைச் சொன்னேன்.

கைருல், "ஆன்டி தீப்பு!" என்று மலாயில் ஏமாற்றுக்காரி பட்டம் கொடுத்துச் சிரித்துவிட்டான். குமரன் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "என் பிள்ளைக்குப் பாவம் பாத்தீங்களா அக்கா? அது பிச்சையா கேட்டுச்சு?" என்றார்.

ஹரிஷ் மட்டும் என் அருகில் வந்தான். கையில் உடைந்த மூடி.

"அப்போ என் கார் நல்லாதான் இருந்துச்சா ஆன்டி?"

"நல்லாதான் இருந்துச்சுப்பா. ஆன்டிமேலதான் தப்பு."

சேகர் புது கியர் பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். ஹரிஷ் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அம்மாவோடு இறங்கிப் போய்விட்டான்.

பவித்ரா கப்பை மேசைமேல் வைத்தாள். "அந்த ஹீட்ட இப்ப ஓடலாமா ஆன்டி?" என்றாள். இந்தத் தடவை புது பேட்டரி டப்பாவைப் பிள்ளைகளிடமே தள்ளிவிட்டேன். அவளும் கைருலும் ஓடினார்கள். கைருல் ஜெயித்தான். பதினேழு செகண்ட். அடுத்து பவித்ராவின் கார் கோட்டைத் தாண்டியது. டைமரில் 18.9.

அவள் போட்ட கூச்சலில் கீழே கடையிலிருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். "பதினெட்டுப்பா! பதினெட்டு!" அந்த வாரம் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சுற்றிக் கிடந்த தன் தலைமுடியை ஊக்கால் எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குமரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தோத்துட்டாதானே அக்கா? எதுக்குக் குதிக்கிறா?" என்று என்னிடமே கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவரே சொன்னார்: "வீடு போற வரைக்கும் வாய் ஓயலக்கா."

5. ஹரிஷ்

இப்போது வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு வைத்திருக்கிறோம். போன வாரம் எத்தனை செகண்ட், இந்த வாரம் எத்தனை. அரை செகண்ட் குறைந்தாலும் பெயரைச் சொல்லி மைக்கில் அறிவிப்பேன். பறந்து விழுந்த காரைத் திரும்ப எடுத்து வைத்து, கடைசி கோடுவரை ஓடவிட்டு, அந்தப் பிள்ளையையே பிடிக்கச் சொல்வேன். சில நாள் கடைசியாக வந்த பிள்ளைக்குத்தான் கைத்தட்டல் அதிகம். முதலாவது வந்தவனுக்கு அதில் வருத்தம் கிடையாது, அவன் கப் அவனிடம் இருக்கிறதே. பவித்ராவுக்கு இன்னும் கப் கிடைக்கவில்லை. இரண்டு ஹீட்டில் நூலிழையில் தவறிவிட்டது. விடாமல் வருகிறாள்.

ஹரிஷ் ஒரு மாதம் வரவில்லை. வந்த அன்று, இப்போது பிள்ளைகளே பேட்டரி எடுத்துக்கொள்ளும் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் பழக்கதோஷத்தில் நான் புது டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவன் வாங்கவில்லை. கோபமும் காட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

"பரவால்ல ஆன்டி. நானே எடுத்துக்கிறேன்."

ஒரு பிள்ளையைச் சந்தோஷப்படுத்த நினைப்பது தப்பில்லை. அதற்கு இன்னொரு பிள்ளையின் நல்ல காரைக் கெட்ட கார் என்று நம்பவைத்தேன், அதுதான் தப்பு. நான் கற்றது இவ்வளவுதான். நீட்டிய பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டு, டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன்.