ஒட்டகத்தின் வாயில் என் விரல்

ஒட்டகம் கடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவன் ஊரைக் கூட்டி அழுதான் என்றால் யார் நம்புவார்கள்? அழுதவன் நான். கடித்தது பீங்கான் ஒட்டகம்.

எங்கள் மாமா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். பழைய டீபாட்டுகளைச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு கிறுக்கு. முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று, அடைகாக்கும் கோழி மாதிரி ஒன்று, இரண்டு மூக்கு வைத்தது ஒன்று. எதிலும் டீ போட்டது கிடையாது. "டம்ளர்ல ஊத்துனா டீ தொண்டைக்குள்ள இறங்காதாக்கும்" என்பாள் அம்மா. மாமா தூசி துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவற்றில் ஒட்டகம்தான் செல்லப்பிள்ளை. வாய் வழியே டீ வரும், திமில்தான் மூடி. மூடி தொலைந்த நிலையில்தான் அது மாமாவிடம் வந்தது. திமில் இல்லாத ஒட்டகத்தைத் தெருவே கழுதை என்றது. மாமா பல வருஷம் அந்தத் திமிலைத் தேடினார். கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் இதே மாதிரி ஒட்டகம் உடைந்து, திமில் மட்டும் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னையும் மாமா கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் ஒட்டகம் என் மடியில் இருந்தது. மாமா அதைக் காயக்கட்டுத் துணியால் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். பாவம், வேடிக்கை பார்க்கட்டுமே என்று தலையை மட்டும் அவிழ்த்துவிட்டேன். வாய் திறந்திருந்தது. விரலை விட்டேன். போனது. வரவில்லை.

"ஏலே, கழுத வாயில எதுக்குக் கைய விட்ட?" என்றார் கண்டக்டர்.

"ஒட்டகம்ண்ணே" என்று அந்த நேரத்திலும் திருத்தினார் மாமா.

பஸ்ஸே வைத்தியம் சொன்னது. தேங்காயெண்ணெய் போடு, சோப்புப் போடு, ஆண்டாளுக்கு நேர்ந்துக்கோ. பின் சீட்டுக்காரர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "எங்க மில்லுல ஒருத்தனுக்கு இப்படித்தான் மாட்டுச்சு. செத்த நேரத்துல விரல் கறுத்துருச்சு. பொறவு எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவ்வளவுதான். ஒன்பது விரலோடு எப்படிப் பம்பரம் விடுவது, எனக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

டீச்சர் வீட்டில் எண்ணெயும் சோப்பும் தோற்றன. நடுவில் அந்தம்மா திமிலைக் கொண்டுவந்தார். மாமா அதை ஒட்டகத்தின் முதுகில் வைத்தார். சின்னதாக ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். கண் கொட்டவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் விரல். அதன் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. "கறுத்துருச்சு மாமா, கறுத்துருச்சு" என்று நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மாமா திமிலை எடுத்துக் கீழே வைத்தார். "அக்கா, இஞ்சி தட்டுற கல்லு இருக்கா?"

"வேண்டாம் தம்பி. வீக்கம் வடியட்டும், பார்ப்போம்" என்றார் டீச்சர்.

"பய ரொம்பப் பயந்துட்டான்க்கா. மாப்ளே, கண்ண மூடிக்க."

ஒட்டகத்தின் கழுத்தில்தான் தட்டினார். வயிறும் சேர்ந்து உடைந்து போனது.

விரலில் கீறல்கூட இல்லை. மாமா துணியால் துடைத்தார். கறுப்பு துணிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒழுகிய பேனாவின் மை. அந்த மையைப் பார்த்தபோதாவது அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். வாங்காத அந்த அறை இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. அவரோ, நான் தேம்புவதைப் பார்த்துவிட்டு, ஒட்டகத்துக்குச் சுற்றிய துணி முழுவதையும் என் விரலுக்குச் சுற்றிவிட்டார். டீச்சர் நீட்டிய திமிலை, "நீங்களே வச்சுக்கிடுங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கட்டுப்போட்ட விரலைப் பார்த்து ஒருவர் எனக்கு மட்டும் இடம் கொடுத்தார். மாமாவின் கைப்பையில் ஒட்டகத்தின் உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தன.

"சத்தமா இருக்கு மாமா, தூங்க முடியல" என்றேன்.

மாமா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது. கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால் வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். இவ்வளவு பெரிய ஆளுக்குப் பஸ்ஸில் நிற்கத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தூங்கிவிட்டேன்.